லாகனில் கிடைத்த குட்டை மரம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரை ஊடுருவிச் செல்லும் ரயில் பாதையில் லாகன் என்றொரு சிறு நிலையம் இருந்தது. லூயிஸ் ஏரிக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் அது. பின்னாளில் ஊருக்கும் நிலையத்துக்கும் ஏரியின் பெயரே நிலைத்துவிட்டது. 1904இல் அந்த வட்டாரத்துக்கு ஆல்ஃபிரெட் ரேடர், ஜான் ஜார்ஜ் ஜாக் என்ற இருவர் வந்தார்கள். இருவருமே அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஆர்னால்டு மரப்பூங்காவைச் சேர்ந்த தாவரவியலாளர்கள். மரங்களை இனம்பிரித்துப் பெயரிடுவதில் ரேடருக்கு இணையாக அந்தக் காலத்தில் ஒருசிலரே இருந்தார்கள். ஜாக் கனடாவிலேயே பிறந்தவர். ரயிலுக்குக் காத்திருந்த வேளையில் பக்கத்துக் காட்டில் நடக்கப்போனபோதுதான் அந்தச் செடியைக் கண்டார்கள் என்று தோட்டக்கலை உலகில் இன்றும் சொல்லிவருகிறார்கள்.

சுற்றிலும் நின்றவை வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்கள். அலாஸ்காவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துவரை கனடாவின் வடபகுதி முழுக்கப் பரவியிருக்கும் இனம் அது. முப்பது மீட்டர் உயரம் போவது அதற்குச் சாதாரணம். ஊசியிலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். அதனால் பூனையின் பெயரைச் சேர்த்து அழைப்பாரும் உண்டு. அவற்றினிடையே, அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் அவற்றைப்போல் வளராத சில குட்டைச் செடிகள் இருந்தன. இலைகள் சிறியவை, மென்மையானவை, கிளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நெருங்கி முளைத்தவை. யாரும் கத்தரிக்காமலே வடிவம் கச்சிதமான கூம்பு. தாவரவியலாளர்கள் இருவரும் அதைப் பாஸ்டனுக்குக் கொண்டுசென்றார்கள். இன்று ‘ட்வார்ஃப் ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ்’ என்ற சீட்டோடு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசல்தோறும் நிற்கும் மரம் அதுவே. தாவரவியலார் அதற்கு வைத்த வகைப்பெயர் ‘கோனிகா’.

டொராண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களில் பலருக்கு இது வீட்டோடு சேர்ந்து வந்த சொத்து. வாசற்படியின் இருபுறமும் ஒவ்வொன்று நிற்கும். ஒரு வசந்தத்தில் அதன் ஒருபக்கம் மட்டும் செம்பழுப்பாகிப் போகும். என்ன செய்துவிட்டோம், தண்ணீர் குறைவா, உரம் போதவில்லையா என்று தேடத் தொடங்குவார்கள். விடை பெரும்பாலும் அந்த வாரத்தில் இருப்பதில்லை; முந்தைய பருவத்தில் இருக்கும். இந்த மரத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் முதன்மையானது இதுதான்: இது தன் துன்பத்தைத் தாமதித்தே வெளிக்காட்டும். பராமரிக்கிறவர் ஒரு பருவம் முந்திக்கொண்டு யோசிக்க வேண்டும்.

ஏன் தாமதம் என்று புரிந்துகொள்ள ஸ்ப்ரூஸ் மரம் வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர் முருங்கை மழை பெய்தால் துளிர்க்கும், மீண்டும் பெய்தால் மீண்டும் துளிர்க்கும். வெள்ளை ஸ்ப்ரூஸ் அப்படி இல்லை. வசந்தத்தின் பிற்பகுதியில் மொட்டு விரியும்போது வெளியே வரும் ஊசிகள் அநேகமாக எல்லாமே முந்தின ஆண்டிலேயே மொட்டுக்குள் உருவாகிவிட்டவை. அறுவடையிலேயே அடுத்த விதைப்புக்கு விதைநெல்லை ஒதுக்கிவைக்கும் உழவரைப்போல, கோடையும் இலையுதிர் காலத் தொடக்கமும் இருக்கும்போதே மரம் அடுத்த ஆண்டுத் தளிரை மொட்டுக்குள் தயார்செய்து மூடிவிடுகிறது. ஆகவே ஆகஸ்டு மாத வறட்சியின் விளைவை ஆகஸ்டில் தேடிப் பயனில்லை. மறு ஆண்டு தளிர்கள் குட்டையாக, இலை குறைந்து வரும்போதுதான் அது தெரியும். சாதாரண வெள்ளை ஸ்ப்ரூஸில் ஓர் ஆண்டுத் தளிர் முப்பது சென்டிமீட்டருக்கு மேலும் போகக்கூடும்; கோனிகாவில் ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர்தான். எனவே வாட்டம் கண்ணில் படுவதற்கு இன்னும் நாளாகும்.

இந்தக் குட்டைத்தன்மை எங்கிருந்து வந்தது? சடுதிமாற்றத்திலிருந்து. மரபுப்பொருளில் எங்கோ ஏற்பட்ட மாறுதல் கணுக்களுக்கிடையிலான நீளத்தைச் சுருக்கிவிட்டது. இலைகளையும் நாற்றுப் பருவத்து இலைகளைப்போல் சன்னமாகவே நிறுத்திவிட்டது. இயற்கையில் இப்படிப்பட்ட செடி வெகுநாள் தாங்குவது கடினம். பக்கத்து மரங்கள் உயர்ந்து நிழல் மூடினால் அதற்கு வழியில்லை. கூம்புக்காய்களும் இதில் மிக அரிதாகவே தோன்றுகின்றன. எனவே விதை மூலம் பரவவில்லை; மனிதக் கைதான் பரப்பியது. கிளைத்துணுக்கை வெட்டி, போத்தாக நட்டு, வேர்விடச் செய்து, அதிலிருந்து மறுபடியும் துணுக்குகள் எடுத்து, நூறாண்டுகளுக்கு மேலாக இப்படியே நடக்கிறது. ஓட்டாவாவின் ஒரு வாசலில் நிற்பதும் லண்டனின் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நிற்பதும் மரபளவில் லாகனில் கிடைத்த அந்தச் சிறு கூட்டத்தின் தொடர்ச்சிகளே. இதை நினைக்கும்போது எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இனி மரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஸ்ப்ரூஸ் இலையை விரல்களுக்கிடையே உருட்டலாம். நான்கு பக்கம் கொண்டது. ஃபிர் மரத்து இலை தட்டை, உருளாது. ஸ்ப்ரூஸில் இலை உதிர்ந்த பிறகும் அது ஒட்டியிருந்த சின்ன மரக்கட்டைமுனை கிளையில் எஞ்சியிருக்கும். அதனால் பழைய குச்சிகளைத் தடவினால் அரம்போல் சொரசொரக்கும். கூம்புக்காய் ஸ்ப்ரூஸில் தொங்கும், ஃபிரில் நிமிர்ந்து நிற்கும். இவ்வளவு தெரிந்தால் குழப்பம் வராது.

‘பசுமை மாறாத மரம்’ என்பதால் இலைகள் உதிர்வதில்லை என்று பொருளில்லை. ஒவ்வோர் ஊசியும் பல ஆண்டுகள் வாழ்ந்து, வெளியே புதியவை வரும்போது உள்ளே நிழலில் அகப்பட்டு உதிர்கிறது. கோனிகா மிக அடர்ந்தது, வெளிச்சம் உள்ளே போவதில்லை. கிளையை விலக்கிப் பார்த்தால் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள பச்சைப் போர்வைக்குப் பின்னால் வெறும் குச்சிக்காடு. பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நோய் இல்லை. ஆனால் கத்தரிக்கோல் எடுக்கிறவர் இதை மறக்கக் கூடாது. பச்சைப் பகுதிக்குள் மேலாகக் கவாத்து செய்தால், சென்ற ஆண்டுக் கிளையிலுள்ள பக்க மொட்டுகள் எழுந்து மூடிவிடும். பச்சை தாண்டி உள்ளே வெட்டினால் அந்த இடம் துளிர்க்காது. ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். ரோஜாவையும் செம்பருத்தியையும் வெட்டிப் பழகிய கைக்கு இது எளிதில் வசப்படாத பாடம். சரியாகச் சொன்னால், கோனிகாவுக்குக் கவாத்தே தேவையில்லை. சுருள் வடிவம் வேண்டுமென்று விரும்பிச் செதுக்குகிறவர்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் வேலை உண்டு.

குளிர்காலத்தில் அந்த ஊசிகள் என்ன செய்கின்றன என்பதுதான் இந்த மரத்தின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பகல் சுருங்கத் தொடங்கியதும் மரம் உறைபனிக்குத் தன்னைத் தயார்படுத்துகிறது. உயிரணுக்களில் சர்க்கரைகள் கூடுகின்றன. சவ்வுகளின் அமைப்பு மாறுகிறது. உறையும்போது பனிக்கட்டி அணுக்களுக்கு உள்ளே உருவாகாமல் அவற்றுக்கு இடையில் உருவாகிறது. அணு தன் நீரை வெளியே விட்டு வற்றிப்போய் உயிர் பிழைக்கிறது. முழுமையாகத் தயாரான வெள்ளை ஸ்ப்ரூஸுக்கு -40 டிகிரி செல்சியஸ் ஒரு பொருட்டில்லை. பச்சை நிறம் மட்டும் அப்படியே இருக்கும், ஆனால் ஒளிச்சேர்க்கை ஏறத்தாழ நின்றுவிடும். அப்போது ஒரு சிக்கல் எழுகிறது: பச்சையம் ஒளியை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, அந்த ஆற்றலைப் பயன்படுத்த ஆலை ஓடவில்லை. அப்படியே விட்டால் அது இலையையே சிதைத்துவிடும். ஸ்ப்ரூஸ் இதற்கு ஸியாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமியைக் குளிர்காலம் முழுக்கத் தக்கவைத்து, வேண்டாத ஒளியாற்றலை வெப்பமாக மாற்றி வெளியே விடுகிறது. வெளியில் அசைவே இல்லாமல் நிற்கும் மரத்தின் ஒவ்வோர் ஊசியிலும் இந்தக் காவல் ஓயாமல் நடக்கிறது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் கோனிகா கருகுவது பெரும்பாலும் கடுங்குளிரால் இல்லை, வெயிலால். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சூரியன் ஏறிவிடும், மண் இன்னும் கல்லாக உறைந்திருக்கும். தென்மேற்குப் பக்கத்து ஊசிகள் வெயிலிலும் பனிமேட்டிலிருந்து தெறிக்கும் ஒளியிலும் சூடாகி நீரை ஆவியாக விடுகின்றன. வேரால் ஒரு சொட்டும் அனுப்ப முடியாது. மெழுகுப் பூச்சும் குழிந்த இலைத்துளைகளும் இழப்பைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. ஊசி உலர்ந்து சாகிறது. செத்த ஊசியும் குளிரில் சில வாரம் பச்சையாகவே இருக்கும். ஏப்ரலில் சூடு ஏறும்போது ஒரேயடியாகப் பழுப்பாகும். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ தென்முகச் செங்கல் சுவரோ இருந்தால் பாதிப்பு இரட்டிப்பு. வாசற்படியின் இருபுறமும் வைக்கும் வழக்கம், இந்த மரத்துக்கு ஆகவே ஆகாத இடத்தில்தான் பெரும்பாலும் அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்கான மருந்து அக்டோபர், நவம்பரில் கொடுக்க வேண்டியது. மண் உறையும் முன் வேர்ப்பகுதி ஆழமாக நனையும்படி தண்ணீர் விட வேண்டும். மேலே ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் தடிப்பில் மரப்பட்டைத் தூளை மூடாக்காகப் போடலாம். அடிமரத்தைத் தொடாமல் சற்று விலக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் பட்டை அழுகும். வெயிலும் காற்றும் அடிக்கும் பக்கத்தில் முளை அடித்துச் சாக்குத்துணியைத் திரையாகக் கட்டலாம். பிளாஸ்டிக் உறையால் சுற்றுவது தவறு. உள்ளே பகலில் வெப்பம் ஏறி, ஊசி உறக்கம் கலைந்து, இரவுக் குளிரில் மடியும். நடைபாதையில் தூவிய உப்பு கலந்த பனியை மரத்தடியில் அள்ளிக் குவிப்பதும் கூடாது. உப்பு வேரிலிருந்து நீரைப் பறிக்கிறது.

அப்படியும் கருகிவிட்டால் உடனே வெட்டாதீர்கள். ஊசி செத்தாலும் மொட்டு பல நேரம் உயிரோடிருக்கும். ஒரு மொட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஜூன் மாதம்வரை பொறுக்கலாம். புதுத் தளிர் வந்து மூடிவிடக்கூடும். உலர்ந்து பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை போனதுதான்.

நடுவதைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் முக்கியமானது ஆழம். ஸ்ப்ரூஸ் வேர் மேலாகப் படரும் வேர். அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். குழியை அகலமாகத் தோண்டலாம், வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். தொட்டியில் வளர்ந்த செடியில் வேர்கள் வட்டம் சுற்றியிருந்தால் நடும் முன்பே விரித்துவிடவோ கீறிவிடவோ வேண்டும். இல்லையென்றால் வெளியே பரவாமல் அந்த வட்டத்துக்குள்ளேயே தடித்து ஒன்றையொன்று நெரிக்கும். நீர் தேங்கும் களிமண் ஆகாது. சற்றே அமிலத்தன்மையுள்ள, வடிகால் உள்ள மண் போதும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மழையில்லாத வாரங்களில் ஆழமாக ஒருமுறை நீர் தரவேண்டும். உரம் மிகச் சிறிதளவு, அதுவும் வசந்தத்தில் மட்டும். ஸ்ப்ரூஸ் வேர்களோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சைகள் மண்ணிலிருந்து சத்தையும் நீரையும் கொண்டுவந்து தருகின்றன.

இந்த மரத்தின் பெரும்பகை சிலந்திப்பேன். கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத அளவு, அரை மில்லிமீட்டர்தான். ஊசியைக் குத்தி அணுச்சாற்றை உறிஞ்சும். இலை முதலில் புள்ளிபுள்ளியாக வெளுத்து, பிறகு மங்கிய வெண்கல நிறமாகி உதிரும். கிளைகளுக்கிடையே மெல்லிய வலை தெரியும். நம் ஊர்த் தோட்டங்களில் சிலந்திப்பேன் கோடையில் பெருகும். ஸ்ப்ரூஸைத் தாக்கும் இனத்தின் வழக்கம் நேர்மாறு: அது குளிர்ந்த பருவத்தை விரும்புவது. கிளைகளில் முட்டையாகக் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் பொரிந்து, பல தலைமுறை பெருகி, கடும் வெயில் வந்ததும் அடங்கிவிடும்; இலையுதிர் காலத்தில் மறுபடி எழும். பழுப்பு கண்ணில் படுவது ஜூலையில். அப்போது மருந்தடிக்க ஓடினால் அங்கே பேனே இருக்காது. செத்த ஊசிகளுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பதோடு, பேனைத் தின்று வாழும் நல்ல பேன்களையும் கொன்றுவிடுகிறோம். பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தை அடித்த மரத்தில் அடுத்த வசந்தத்தில் சிலந்திப்பேன் முன்னைவிட அதிகமாக வருவது தோட்டக்காரர்கள் நன்கறிந்த அனுபவம்.

கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில், கிளைக்கு அடியில் தாளைப் பிடித்து நன்றாகத் தட்டுங்கள். விழுந்த தூசியில் மெதுவாக ஊரும் புள்ளிகள் இருந்தால் அவை பெரும்பாலும் இலையை உறிஞ்சுபவை. விறுவிறுவென ஓடுபவை பெரும்பாலும் அவற்றை வேட்டையாடுபவை. மெல்ல ஊர்வன நிறைய இருந்தால் குழாயைத் திருகி, வேகமான நீர்ப்பீச்சலைக் கூம்பின் உட்புறம்வரை, கீழிருந்து மேலாக அடியுங்கள். சில நாள் இடைவெளியில் சில முறை செய்தால் பெருக்கம் உடையும். அதற்கும் அடங்கவில்லை என்றால் தோட்ட எண்ணெய் உதவும். ஆனால் நீலநிறம் காட்டும் ஸ்ப்ரூஸ்களில் அதை அடிக்காதீர்கள். அந்த நீலம் இலைமேல் படிந்த மெழுகிலிருந்து வருவது. எண்ணெய் மெழுகைக் கரைத்துவிடும், மரம் வெறும் பச்சையாக நிற்கும். கொலராடோ நீல ஸ்ப்ரூஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்.

தொட்டியில் வளர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தரையில் -40ஐத் தாங்கும் மரம் தொட்டியில் அதைத் தாங்காது. குளிருக்கு மிக எளிதில் மடிவது வேர். தரையில் மண் அதற்குப் போர்வையாகிறது, தொட்டியிலோ நாற்புறமும் காற்று. பெரிய தொட்டி, கடுங்குளிரில் காற்றுப்படாத ஒதுக்குப்புறம், உறைவதற்கு முன் நிறைய நீர் இவை வேண்டும். பண்டிகைக்கு அலங்கரிக்க வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் சில நாட்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெதுவெதுப்பான, வறண்ட அறையில் மரம் குளிர்க்காப்பை இழந்துவிடும்; திரும்ப வெளியே வைத்தால் அதே உறைபனி அதைக் கொல்லும்.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இந்த மரம் ஒத்துவராது. நீண்ட குளிர் உறக்கமில்லாமல் மொட்டு ஒழுங்காக விரியாது. இரவிலும் தணியாத வெப்பத்தில் மரம் சேமித்ததைச் சுவாசித்தே தீர்த்துவிடும். நம் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும், அடுக்கடுக்காகக் கிளைவிடும் மரம் அரவ்கேரியா; தென் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த அது நம் வெயிலைப் பொறுத்துக்கொள்ளும். இந்தியாவில் ஸ்ப்ரூஸ் பார்க்க விரும்புகிறவர்கள் இமாச்சல், உத்தராகண்ட் மலைக்காடுகளுக்குப் போகலாம். சிறுகிளைகள் தொங்கத் தொங்க வளரும் இமய ஸ்ப்ரூஸ் அங்கே உண்டு.

கடைசியாக, கோனிகாவை வளர்க்கிற எவரும் என்றேனும் சந்திக்கக்கூடிய ஒரு காட்சி. கச்சிதமான கூம்பின் மேற்பகுதியில் திடீரென ஒரு முரட்டுக்கிளை நீட்டிக்கொண்டு நிற்கும். இலைகள் நீளம், தடிப்பு, நிறமும் வேறு. ஒரே ஆண்டில் மற்றக் கிளைகளைப்போல் பல மடங்கு வளரும். மொட்டின் நுனியில் பெருகிக்கொண்டிருந்த அணுக்களில் குட்டைத்தன்மை நீங்கி, பழைய வெள்ளை ஸ்ப்ரூஸ் எழுந்துவிட்டது. அதற்குக் காட்டு மரத்தின் முழு வேகமும் உண்டு. விட்டுவைத்தால் உணவையும் ஒளியையும் அது எடுத்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் குட்டைக் கூம்பின் தலைமேல் முழுநீள மரம் ஒன்று வளர்ந்து நிற்பதைப் பழைய தோட்டங்களில் பார்க்கலாம். கண்டதும், கிளை புறப்படும் அடி இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். நுனியை மட்டும் நறுக்கினால் எஞ்சிய மொட்டுகளிலிருந்து அதே முரட்டுக்கிளைகள் இரண்டு மூன்றாகத் திரும்பி வரும்.

வெட்டும் முன் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வேறுபட்ட கிளை எல்லாமே காட்டு மரத்துக்குத் திரும்பும் கிளை இல்லை. கோனிகாவின் கிளைகளில் தோன்றிய புது மாறுதல்களிலிருந்து பல வகைகள் பிறந்திருக்கின்றன: நீலச்சாயல் கொண்ட ‘சாண்டர்ஸ் ப்ளூ’, கோடை நடுவில் மஞ்சளாக இரண்டாம் முறை துளிர்க்கும் ‘ரெயின்போஸ் எண்ட்’, கோனிகாவைவிடவும் மெதுவாக வளரும் ‘ஜீன்ஸ் டில்லி’. அவற்றிலும் சில முழுதாக நிலைப்பதில்லை. ‘சாண்டர்ஸ் ப்ளூ’வில் ஆங்காங்கே பச்சைத் திட்டுகள் திரும்புவதுண்டு. உங்கள் மரத்தில் வந்த கிளை நீண்டு, தடித்து, மற்றதை முந்துகிறதென்றால் கத்தரிக்கோலுக்கு உரியது. மெதுவாக, அடர்ந்து, நிறம் மட்டும் மாறி வளர்கிறதென்றால் அதை விட்டுவையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே நீடித்தால் அதிலிருந்து ஒரு போத்து எடுத்து வேர்விடச் செய்து பார்க்கலாம்.